என் கையை அளந்த இஞ்சினியர்

சித்தாண்டிப் பக்கம் வாய்க்காலுக்கு இரும்புக் கதவு போட்டவன் நான். ஓட்டமாவடியில் அரிசி ஆலைத் தொட்டிகள், பள்ளிவாசல் வாயில், வெள்ளத்தில் சரிந்து நான் நிமிர்த்திய சந்தைக் கூரை, எல்லாம் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வெல்டிங்கைக் கட்டாரில் ஒரு கப்பல் பட்டறையில் கண்ணாலேயே திருடிக்கொண்டேன். எல்லாவற்றிலும் பெரியது வாவியில் ஓடும் பாதை. எங்கள் பக்கத்தில் பாதை என்றால், ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் தட்டையான இரும்பு மிதவை.

அந்த வேலையில்தான் இஞ்சினியர் சேர் எனக்குப் பழக்கம். மேல்தட்டுக்கு முதல் இரண்டு தகடுகளை இணைத்தேன். சூடு ஆறியதும் இரு ஓரமும் மேலே எழும்பிவிட்டன. வெல்டிங் ஆறும்போது சுருங்கி, தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். சேர் குனிந்து பார்த்தார். கைவேலைக்காரனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன பாஸ், பாதை கேட்டா தோணி செஞ்சு தாறீங்க?"

"கணக்குப் போட்டது நீங்கதானே சேர்!" என்றேன் சூடாக.

எவ்வளவு எழும்பும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த அளவுக்குத் தகட்டை எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்துத்தான் வெல்டிங் செய்திருந்தோம். ஆறும்போது சமனாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. வளைந்த தட்டில் மழைநீர் தேங்கினால் மோட்டார் சைக்கிள்கள் வழுக்கி வாவிக்குள் போகும். மேலிடத்தார் பலகை அடித்து மூடச் சொன்னார்கள்.

சேர் மூடவில்லை. கழிவுத் தகடுகளைக் கொண்டுவரச் செய்து, என் வழக்கப்படியே வெல்டிங் செய்யச் சொன்னார். ஒவ்வொன்றும் ஆறிய பிறகு அளந்தார். நான் கையை மெதுவாக நகர்த்துகிறவன். சூடு கூடும், தகடும் கூடுதலாக இழுபடும்.

"புத்தகத்தில உங்கட கை இல்லியே பாஸ். இனி அதையும் அளந்துதான் கணக்குப் போடணும்."

ஓரத்திலிருந்து தொடங்காமல், நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறிச் செய்வோம் என்றவன் நான். புதுக் கணக்குப்படி சாய்த்து வைத்துச் செய்த அடுத்த தகடு ஆறும்வரை பிளேன்டீயோடு குந்தியிருந்தோம். நேரான கம்பியை மேலே வைத்து, கீழால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. "ஓம், படிஞ்சிட்டு!" என்று என் முதுகில் அறைந்தார்.

அதன் பிறகு யார் வந்தாலும், "இது பாஸ்ட கை" என்று என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுவார். ஓய்வு பெற்ற பிறகும் பட்டறைக்கு வந்து இரும்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில், இரும்புக் கதையை எடுத்தால், "விடுங்க வாப்பா" என்கிறார்கள். ஒரு தகடு ஏன் இப்படி முறுக்கிக்கொண்டது என்று கேட்டுச் சண்டை பிடிக்க எனக்கு இன்று ஆளில்லை.

போன மாதம் சேரின் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனேன். கணக்கால் இரும்பை நிமிர்த்தியவர் என்று ஒவ்வொருவராக எழுந்து புகழ்ந்தார்கள். பின்வரிசையில் இருந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து என்னைக் காட்டியிருக்கக்கூடிய ஒரே மனிதர் மாலை போட்ட படத்துக்குள் இருந்தார்.

ஆகவே நானே சொல்கிறேன். அந்தப் பாதையைப் பற்றி இனி யார் எழுதினாலும் சேரின் பெயரோடு என் பெயரையும் போடவேண்டும். கீழே சின்ன எழுத்தில் வேண்டாம். பக்கத்தில் போடுங்கள். கணக்கு அவருடையதுதான், மறுக்கவில்லை. அந்தக் கணக்குக்குள் இருப்பது என் கை.