அத்தை வீட்டுக்கு வந்த கஷாயங்கள்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் அத்தை குடியிருந்த அடுக்குமாடியின் படிக்கட்டில் ஏறும்போதே சிறியாநங்கை கொதிக்கும் வாடை மூக்கைத் துளைக்கும். கசப்புக்கும் வாடை உண்டு என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். மாமா போய்ச் சேர்ந்து, மகனும் வேலையோடு சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட பிறகு, அந்த வீட்டில் மிச்சமிருந்தது அத்தையும் அவருடைய இனிப்பு நீர் வியாதியும்தான். தொழிற்சாலையில் எனக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளை அத்தை ஒழுங்காகப் போடுவார். வம்பெல்லாம் அதற்கு மேல்தான். அவருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா சிறியாநங்கை பறித்து வந்து தானே அடுப்பில் வைப்பார். கோயிலில் பழக்கமான கூட்டாளி ஒருவர் பாகற்காய்ச் சாறு கொண்டுவருவார். கீழ்வீட்டுச் சீனக் கிழவர் பெயர் தெரியாத ஏதோ ஒரு வேரைக் கொடுப்பார். வந்தவர்கள் சும்மா போக மாட்டார்கள். அத்தை குடித்து முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரித்து, உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் எழுவார்கள். கொடுத்ததைக் கொடுத்தவர் கண்முன்னே குடிப்பதுதான் மரியாதை என்பது அத்தையின் கட்சி.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை அத்தை விரதம். மாத்திரை வழக்கம்போல் காலையிலேயே உள்ளே போய்விட்டது, சாப்பாடு பூசை முடிந்துதான். நடுவில் அக்காவும் வந்தார், பாகற்காய்க்காரரும் வந்தார். இருவர் மனமும் நோகக்கூடாதே என்று இரண்டையும் குடித்திருக்கிறார். நான் போனபோது நாற்காலியில் சரிந்து, வியர்த்துக் கொட்டி, கை நடுங்க, என்னையே யார் என்று கேட்டார். பதறிப்போய்க் கத்தினேன். என் சத்தம் கேட்டு ஓடிவந்த அக்காதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனித் தண்ணீர் புகட்டினார்.

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பெண் கோபப்படவில்லை. மாத்திரையும் சீனியை இறக்கும், இந்த மாதிரி கஷாயமும் இறக்கலாம், வெறும் வயிற்றில் எல்லாம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, எதைக் குடிப்பதென்றாலும் முதலில் எங்களைக் கேளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அத்தை அதன்படியே நடந்தார். கேட்டதில் டாக்டர் எதுவுமே வேண்டாமென்றார்; வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டார்.

அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீடு வந்து சேர்ந்து, அத்தை கதவைத் திறந்து உள்ளே போனதும் சொன்னார்:

"சீனி சரியாத்தான் இருக்கு லா. ஆனா இப்பல்லாம் ஒருத்தரும் வர்றதில்லடா."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. படியேற ஒரு காரணம் இருந்தது, அது போய்விட்டது. அவ்வளவுதான். அத்தையின் கடைசிக் காலம்வரை நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை வாசல் பக்கம் போய்விடும்.

இப்போது எனக்கும் இனிப்பு நீர். நானும் தனியாகத்தான் இருக்கிறேன். வைத்தியம் சொல்ல மட்டும் ஆள் குறையவில்லை. காலையில் கைப்பேசியைத் திறந்தால் வெந்தயமும் வேப்பிலையும் வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து நிற்கின்றன. எதையும் நான் குடிப்பதில்லை. குடித்தேனா என்று பார்க்க யாரும் வருவதுமில்லை.