தலைகீழாகப் பறக்கும் விமானம்

தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரிக்கு மேலேயே சுற்றும். இரைச்சல் ஓயும்வரை பாடத்தை நிறுத்திவிட்டு நிற்பேன். ஒருத்தராவது அண்ணாந்து பார்க்க வேண்டுமே! எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள், இறக்கையின் வளைவுதான் விமானத்தைத் தூக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்து மாணவி எழுந்தாள்.

"அப்போ தலைகீழா பறக்கும்போது ஏன் சார் கீழே விழல?"

என்னை யாரும் அப்படி மடக்கியதே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். பின்வரிசையில் "போச்சுடா, போர்ஷன் முடிஞ்ச மாதிரிதான்" என்று ஒரு முனகல். போங்கடா என்று நினைத்துக்கொண்டேன்.

அதையே யோசித்துக்கொண்டு போனதில், மின்சார ரயிலில் இறங்க வேண்டிய குரோம்பேட்டையைக் கோட்டை விட்டேன். தலைகீழாக இருந்தாலும் முன்முனையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் காற்று தாங்கும் என்று காட்ட, வீட்டில் அட்டையை வெட்டி ஓர் இறக்கை செய்தேன்.

மறுநாள் அதோடு வகுப்புக்குக் கிளம்பும்போது, ஆசிரியர் அறை வாசலில் அவளே நின்றாள்.

"சாரி சார். கிளாஸ்ல அதை எடுக்காதீங்க. பசங்க திட்றாங்க."

"சரி, உனக்கு மட்டும் சொல்றேன், வா."

அவள் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. "வேணாம் சார். எக்ஸாமுக்கு அது வராதுல்ல?"

வராது என்றேன். நிம்மதியாகப் போனாள்.