றெஜினா அக்கா கடைசியில் வாங்கிக்கொண்ட ஒரு வாய்க் கஞ்சி

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. றெஜினா அக்காவின் கணவர். “அவ போயிட்டா, தங்கச்சி” என்றார். பொறுக்கியதை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

எங்கள் முதியோர் இல்லத்தில் அவருடன் வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். மன்னாரில் தாதியாக இருந்தவர். இங்கே வந்து படுக்கை மாற்றும் வேலை பார்த்து, பிரெஞ்சு படித்து, மறுபடி தாதியானார். அதோடு ஆறியிருக்கலாம். முதியோர் பராமரிப்பில் சிறப்புச் சான்றிதழும் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். “இதையும் எடுத்துப்போட்டுத்தான் சாவன்” என்பார். நாங்கள் சிரிப்போம்.

புரோசார்டில் என் வீட்டுச் சமையலறையில்தான் படிப்பு. நான் கேள்வியை வாசிப்பேன்: கை நடுங்கும் முதியவர் ஒருவர் சாப்பிட வெகுநேரம் எடுக்கிறார், தாதி என்ன செய்ய வேண்டும்? அக்கா ஒவ்வொரு தடவையும் “ஊட்டிவிட வேணும்” என்பார்.

“பிழை அக்கா. அவராச் சாப்பிட விட வேணும். நீங்கள் பக்கத்தில நிண்டாக் காணும்.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “அப்பான்ர வயசு மனிசன் கை நடுங்க நடுங்கச் சாப்பிடுறார், நான் கையைக் கட்டிக்கொண்டு பாக்கிறதோ? இதென்ன படிப்பு?”

அவருடைய அப்பா மன்னாரில் படுக்கையில் கிடந்தார். ஊரில் சண்டை மறுபடி மூண்டிருந்தது, போக வழியில்லை. அங்கே ஊட்ட முடியாததை அக்கா இங்கே எல்லாருக்கும் ஊட்டினார். முதல் பரீட்சையில் தவறினார்.

அடுத்ததற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் புற்றுநோய் வந்துவிட்டது. மருந்தேற்றி முடி கொட்டிய தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போய் எழுதினார். வெளியே வந்து, “எல்லாக் கேள்விக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிண்டனான்” என்றார். சித்தியடைந்தார். அந்தச் சான்றிதழோடு ஒரு நாள்கூட அவர் வேலைக்கு வரவில்லை. இதை நான் யாரிடம் போய்க் கேட்பது? எந்த மாதாவின் முன்னால் நின்று கத்துவது?

மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஊட்டக் கரண்டியை எடுத்தேன். “விடும். பிழையான மறுமொழி எழுதாதேயும்” என்று பறித்துக்கொண்டார். பாதி நெஞ்சில் சிந்தியது. துடைக்கவும் விடவில்லை. போன நாளெல்லாம் இதே சண்டை. நான் வெளியே வந்து அழுதுவிட்டு உள்ளே போவேன்.

கடைசி ஞாயிறு, கரண்டியை நீட்டினேன். அவர் கை எழவில்லை. என்னைப் பார்த்தார்.

“இண்டைக்கு ஊட்டிவிடும்.”

எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வாய் ஊட்டினேன். அடுத்த வாய்க்கு அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

நாளைக்கு எனக்கு வேலை. யாரோ ஒரு கிழவர் நடுங்கும் கையால் கரண்டியைத் தூக்குவார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அந்தக் கிழவர் மட்டும் என்னிடம் ஊட்டிவிடச் சொல்லிக் கேட்டுவிடக் கூடாது.