கப்பலுக்குப் போன நிக்காஹ் சிடி

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகுக் கிட்டங்கிகளுக்கு நடுவே சாயாக்கடை வைத்திருக்கும் யூசுபுக்கு, ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. படித்தது நாலாம் வகுப்பு. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஷங்கர் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தாலும் கொடுத்தார், மனுஷன் கடையை அடைத்த கையோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

யூடியூபில் நல்ல பயான், மார்க்கச் சொற்பொழிவு, கண்ணில் பட்டால் போதும். மேலே தெரியும் விலாசத்தை எலியால் பிடித்து இழுத்து வந்து திரையில் போடுவார். அங்கே ஒரு சின்னப் படம் வந்து உட்காரும். அதை இரண்டு தட்டுத் தட்டினால் வீடியோ ஓடும். "அல்ஹம்துலில்லாஹ், வீட்டுக்குள்ள வந்திருச்சு" என்று குளிர்ந்துபோவார். அப்படிச் சேர்த்ததையெல்லாம் சிடியில் ஏற்றிப் பள்ளிவாசலுக்கு வருகிறவர்களுக்கு ஹதியாவாக, அன்பளிப்பாகக் கொடுப்பார். மறுவாரம், "கேட்டீங்களா?" என்று விசாரித்தால், "மாஷா அல்லாஹ், என்னா ஒரு பயான்!" என்று எல்லாரும் ஒரே வாயாய்ச் சொன்னார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் அண்ணனுக்கும் ஒரு சிடி போட்டார்.

அண்ணன் அக்மல் சரக்குக் கப்பலில் சமையல்காரர். மகள் நசீபாவின் நிக்காஹ் நடந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் தகப்பன் அல்லவா? முந்தின துறைமுகத்திலிருந்து போன் போட்டு, சாட்சிகள் கேட்க, "எனக்குப் பதிலா நீ நின்னு குடு" என்று தம்பிக்கு அதிகாரம் கொடுத்துவிட்டுப் போனார். யூசுப் நின்றார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அண்ணன் பெயரைச் சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார். ஸ்டூடியோக்காரர்கள் அதை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். உலகமே பார்த்தது, பெற்றவரைத் தவிர.

ஒரு மாதம் கழித்துக் கப்பல் தண்ணீரும் டீசலும் நிரப்பப் பக்கத்து வில்லிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு வந்தது. ஒரே ஒரு பகல்தான் நிற்கும். கரையில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. அக்மலிடம் இருப்பதோ பட்டன் போன். வைரஸ் பயத்தில் பென் டிரைவைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். சாப்பாட்டு அறையில் ஒரு டிவியும் பழைய சிடி பிளேயரும் உண்டு. இதைவிட்டால் அவர் ஊர் திரும்ப எட்டு மாதம் ஆகும் என்பதால், கப்பலுக்குக் காய்கறி கொண்டுபோகும் வேன் டிரைவர் வீரபாண்டியிடம் காலையிலேயே யூசுப் சிடியைக் கொடுத்தனுப்பினார்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது போன் வந்தது.

"யூசுபே, என்னடா குடுத்தனுப்பிச்சே? சிடி உள்ள கிடக்குது, டிவி சிடியே இல்லேங்குது!"

"தொடச்சுப் போட்டுப் பாருங்கண்ணே."

"தொடச்சாச்சு. கேப்டன் கூட ஊதிப் பாத்துட்டாரு."

யூசுப் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஷங்கரிடம் ஓடினார். ஷங்கர் வந்து யூசுபின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இக்கா, நீங்க வீட்ட அனுப்பல. வீட்டு விலாசத்த மாத்திரம் எழுதி அனுப்பிருக்கீங்க. நெட் உண்டானா இது போயி வீடியோவக் கூட்டிட்டு வரும். கடல்ல எவன் கூட்டிட்டு வருவான்?"

"படைச்சோனே! அப்ப நான் குடுத்த பயான் சிடியெல்லாம்?"

"எல்லாம் விலாசம்தான்."

"எல்லாரும் கேட்டேன்னாங்களே!"

"யாரும் போட்டுப் பாக்கல இக்கா. உங்க மனசு நோகுமேன்னு சொல்லிருப்பாங்க."

யூசுபுக்கு வெட்கம் வந்தது, அதைத் தாண்டிச் சிரிப்பு வந்தது. சிரிக்க நேரமில்லை. மூன்று மணிக்கு வீரபாண்டி தோப்பும்படியில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு கப்பலுக்குக் கடைசி நடை போவான்.

"வீடியோவையே நெட்லேருந்து இறக்கிடலாம்" என்று ஷங்கர் எலியைப் பிடித்தார்.

"நில்லு சங்கரு. எடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும். கேக்காம எடுத்தா பொருந்தாது."

"இந்த நேரத்திலயா?"

"எந்த நேரத்திலயும்."

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டார்கள். "தாராளமா எடுத்துக்கோங்க, மாசக் கடைசில நாங்களே அழிச்சிடுவோம்" என்றது பதில். யூசுப் பிஸ்மி சொல்ல, ஷங்கர் அழுத்தினார். பச்சைக் கோடு ஊர்ந்தது. நடுவில் கரண்ட் போய், வந்து, மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தது. யூசுபின் மனைவி ரஹீனா சோற்றுத் தூக்கோடு வந்தவள், திறக்காமலேயே கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடியோ முழுசாய் இறங்கியதும் ஷங்கர் உதட்டைப் பிதுக்கினார். "பழைய பிளேயருக்குத் தக்க மாத்தணும். ரெண்டு மணி நேர வீடியோ இக்கா. முழுசும் மாத்த நேரம் பத்தாது. வேண்டிய துண்டு எது, அத மட்டும் சொல்லுங்க."

"பெண்ணு இறங்கி வர்றத வைங்க" என்றாள் ரஹீனா. "பந்தியும் வைங்க. நசீபாவோட உம்மா பச்சப் பட்டுல எப்படி இருந்தாங்க!"

"பந்திய அவரு பாத்து என்னத்துக்கு? கப்பல்ல தெனம் அவருதானே பரிமாறுறாரு!" என்றார் யூசுப்.

"அப்ப எத வைக்கிறது?" என்றார் ஷங்கர்.

யூசுப் கண்ணை மூடிக்கொண்டார். ஆயுசுக்கும் ஒரு பெண்ணைப் பெற்று, அதைக் கொடுக்கும்போது பக்கத்தில் இல்லாதவர் எதைப் பார்க்கத் தவிப்பார்?

"பெண்ணு வர்றது கொஞ்சம். அப்புறம் கை பிடிச்சுக் குடுக்கிறது. துஆ முடியிற வரைக்கும். அதுல ஒரு எழுத்தும் வெட்டாதே."

சிடி சுழன்றது. வெந்ததைத் தட்டிப் பார்க்கிற அவசரத்தோடு அதை எடுத்துக்கொண்டு யூசுப் வீட்டுக்கு ஓடினார். இந்தத் தடவை டிவியில் போட்டுப் பார்க்காமல் கொடுப்பதாக இல்லை. பிளேயர் கொஞ்சம் முனகியது. பிறகு பச்சைப் பந்தல் தெரிந்தது. ரஹீனா கை தட்டியேவிட்டாள். வெளியே வேன் ஹார்ன் அடித்தது.

"பாய், ஐஸு உருகுது!" என்றான் வீரபாண்டி.

"மடியில வச்சுக்கப்பா. ஐஸ்மேல வைக்காதே, ஈரம் படக்கூடாது. வெயிலும் படக்கூடாது."

"முட்டய விட மோசமால்ல இருக்கு! குடுங்க."

வேன் போனது. யூசுபுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருவருக்குச் சீனி இல்லாமலும் இன்னொருவருக்கு இரண்டு தடவையும் போட்டுக் கொடுத்தார். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படி இறங்கும்போது போன் அதிர்ந்தது.

அண்ணன்தான். போனை டிவிப் பக்கம் பிடித்திருந்தார் போலும். இரைச்சலுக்கு நடுவே யூசுபின் குரலே யூசுபுக்குக் கேட்டது: "என் அண்ணன் அக்மல் என்னிடம் ஒப்படைத்தபடி, அவர் மகள் நசீபாவை..." அந்த இடத்தில் குரல் உடைந்தது. யாரோ தண்ணீர் கொடுத்த சத்தம். பிறகு முழுசும் சொல்லி முடித்த சத்தம். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதும் கப்பல்காரர்கள் போட்ட கூச்சலில் போனே அதிர்ந்தது.

"ஏண்டா நடுவுல அழுதே?" என்றார் அக்மல். அவர் குரலும் சரியாக இல்லை. "குடுத்தது நாந்தானே?"

"நீங்கதாண்ணே. அதான் அழுதேன்."

"சும்மா இரு. துஆ ஓதுறாங்க."

யூசுப் படியிலேயே நின்றுவிட்டார். இமாமின் குரல் தூரத்தில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மாதம் பிந்தி வந்து சேர்ந்தது, பெண்ணைப் பெற்றவரின் ஆமீன். யூசுப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி, அண்ணனோடு சேர்ந்து சொன்னார்.