தண்டல் தனசேகரன் தட்டு மாற்றிய நாள்

தனசேகரன் கப்பல் கம்பெனி வேலையை விட்டது ஐம்பத்தாறாம் வருஷம். காலியர் கீ என்ற துறைமுகத் தெருவில் ஆபீஸ், மின்விசிறிக்குக் கீழே மேசை. கடலில் மூழ்கிய சரக்குக்கு இழப்பீடு கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் வேலை. மூழ்கிய சரக்கு ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், முக்குளிக்கும் தொழில் செய்த ஒலி முகம்மதுவின் படகில் தொற்றிக்கொண்டு போனார். முதலில் அடியில் இருப்பவருக்குக் காற்றுப் பம்பு அடித்தார். பிறகு செம்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கியவருக்கு மேசை கசந்துபோனது.

சண்டைக் காலத்தில் மூழ்கிய கப்பல்கள் நீரிணை அடியில் கிடந்தன. அவற்றிலிருந்து பித்தளையும் செம்பும் எடுப்பது ஒலி முகம்மதுவின் தொழில். படகை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். இரண்டு வருஷத்தில் தனசேகரன் லைசென்ஸ் எடுத்து அந்தப் படகுக்கே தண்டலானார். முக்குளிப்பதையும் விடவில்லை.

கெர்பாவ் ரோட்டு வீட்டில் மனைவி பூவம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானம் சொல்ல ஒலி முகம்மதுவே வந்தார்.

"விசிறிக்குக் கீழ உக்கார முடியல, தண்ணிக்கு அடியில போய் மூச்சடக்கப் போறாராம்" என்றாள் பூவம்மா.

"மூச்சடக்க வேணாம் தங்கச்சி. மேல இருந்து நாங்க காத்து அடிச்சு விடுவோம்."

"அடிக்கிற ஆளு தூங்கிட்டா?"

"தூங்கினா இந்த மூஞ்சியோட உங்க வீட்டுப் படி ஏறுவேனா?"

பூவம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் காப்பி கலக்கப் போனாள். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள். சொந்தக்காரர் யாருக்கும் தெரியக் கூடாது. அவளுடைய அம்மா ரத்தினம்மா விதவை. ஆண்பிள்ளை கிடையாது. தங்கை சந்திரமதி கல்யாணத்துக்கு நின்றாள். மூத்த மருமகன் ஆபீஸ்காரர் என்பதுதான் அந்த வீட்டுக்கு மிஞ்சியிருந்த மரியாதை. தனசேகரன் தலையாட்டினார். வெள்ளைச் சட்டையோடு வீட்டைவிட்டுப் போவார், படகில் மாற்றிக்கொள்வார்.

இந்தத் தொழிலில் இறங்குவது பெரிதல்ல. ஏறுவதில்தான் ஆபத்து. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குகிறதே, ஆழத்தில் வெகுநேரம் இருந்தவர் வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் அதுதான் நடக்கும். அதனால் நடுவழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். தனசேகரனுக்குப் பொறுமை குறைவு. சில நாள் தோளிலும் முழங்காலிலும் குடைச்சலோடு வருவார். பூவம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, உப்பு மூட்டையால் ஒத்தடம் கொடுப்பாள். காலையில் வலி போயிருக்கும். அது தானாகப் போகிற வலி என்று அவளுக்குத் தெரியாது. எண்ணெய்க்குக் கேட்கிறது என்று இருவருமே நம்பினார்கள்.

அறுபத்தொன்றில் சந்திரமதிக்கு இடம் அமைந்தது. நிச்சயத்தைக் கெர்பாவ் ரோட்டு வீட்டிலேயே வைத்து, மாலையில் நேரம் குறித்தார்கள். அப்பா இல்லாத பெண்ணுக்கு மூத்த மருமகன்தான் பாயில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டும். அன்று லீவு போடச் சொன்னாள் பூவம்மா. நீரோட்டம் அடங்கியிருக்கிறது, மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடியில் ஒரு பித்தளைக் குழாய் கழல மறுத்தது. அதோடு மல்லுக்கட்டியதில் நேரம் போனது. நினைவு வந்ததும் நடுவில் நிற்காமல் மேலே வந்துவிட்டார். ஒலி முகம்மது தொப்பியைக்கூடக் கழற்றிவிடவில்லை. முகக் கண்ணாடியைத் திறந்து, "திரும்ப இறங்குங்க. நின்னுட்டு வாங்க" என்றார்.

"தட்டு மாத்தணும்ணே. கழட்டுங்க."

பூவம்மா வாசலிலேயே கண்டுகொண்டாள். முகம் வெளுத்து, நடை தள்ளாடியது. "என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எண்ணெய் தேச்சா போயிடும். முதல்ல இது முடியட்டும்."

சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தேங்காயும் வெற்றிலையும் பழமும் வைத்த தட்டைக் கை மரத்திருந்தும் நழுவவிடாமல் கொடுத்தார், வாங்கினார். எல்லோரும் சாப்பிட எழுந்தபோது அவரால் எழ முடியவில்லை. இடுப்புக்குக் கீழே தன் உடம்பு இல்லாததுபோல் இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா சுப்பிரமணியம் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காலைக் கிள்ளிப் பார்த்தார்.

"தெரியுதா?"

"தெரியல."

"தம்பிக்கு என்ன வேலை?"

தனசேகரன் வாயைத் திறக்குமுன் ரத்தினம்மா முந்திக்கொண்டாள். "கப்பல் கம்பெனி ஆபீஸ்ல இருக்காருங்க. காலையில உக்காந்தா சாயங்காலந்தான் எந்திரிப்பாரு."

"அதான். நாள் பூரா உக்காந்தா நரம்பு செத்துப்போகும். சூடா எண்ணெய் போட்டு நல்லாத் தேயுங்க. காலையிலயும் இப்படியே இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் டாக்டர்கிட்ட சொல்றேன்."

தனசேகரன் பூவம்மாவைப் பார்த்தார். பூவம்மா சமையல்கட்டு வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தாள். புதுப் புடவையும் கையில் பாயசச் சட்டியுமாய் நின்றாள் சந்திரமதி. இப்போது உண்மையைச் சொன்னால், பொய் சொல்லிப் பெண் கொடுக்கிற வீடு என்று எழுந்து போய்விடுவார்கள். விருந்தாளிகள் போகட்டும், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று பூவம்மா வாயை மூடிக்கொண்டாள். தனசேகரனும் தலை குனிந்துகொண்டார்.

விருந்தாளிகள் போனார்கள். பூவம்மா தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள். உப்பு மூட்டை சுட்டுத் தொடை கொப்பளித்தது. அவருக்கு அது தெரியவில்லை. விடிந்ததும் ஒலி முகம்மது விசாரிக்க வந்தார். பார்த்த மாத்திரத்தில் டாக்ஸிக்கு ஓடினார். "ஏன் தங்கச்சி, இந்த மாதிரிக் காலோட இவர ராத்திரி பூரா வீட்லயே வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன வேலை என்பதுதான். இந்த முறை ஒலி முகம்மது சொன்னார். டாக்டர் செம்பவாங் கடற்படைத் தளத்துக்குப் போன் செய்தார். அங்கே முக்குளிப்பவர்களுக்கென்று காற்றழுத்தம் கூட்டும் இரும்பு அறை இருந்தது. தனசேகரனை அதற்குள் வைத்தார்கள். கையில் இருந்த மரமரப்பு போனது. கால் திரும்பவில்லை. உடனே வந்திருந்தால் கால் திரும்பியிருக்கலாம், இனி முடியாது என்றார்கள்.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. தனசேகரன் போகவில்லை. படகைப் பற்றி அவர் பேசியதும் இல்லை. ஒலி முகம்மது வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். படுத்தே கிடந்ததில் முதுகுத்தண்டுக்குக் கீழே புண் வந்தது. பூவம்மா உப்புத்தண்ணீர் காய்ச்சிக் கழுவவும், துணி மாற்றவும், சிறுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யவும் நர்சுகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அழுவதற்கு அதில் நேரம் கிடையாது.

சில மாதம் கழித்து, முக்குளித்த விஷயம் தெரிந்து சுப்பிரமணியம் வந்தார். நாற்காலியில் உட்காராமல் கட்டில் பக்கத்திலேயே நின்றார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நேரா செம்பவாங்குக்கே தூக்கிட்டுப் போயிருப்பேனேம்மா. முக்குளிக்கிறவங்களுக்கு இது வர்றது டிரஸ்ஸர் படிப்புலயே உண்டு."

"சம்பந்தம் முறிஞ்சிடும்னு நெனச்சோம்."

"எதுக்கு முறியணும்? எங்கப்பா கப்பலுக்குக் கரி அள்ளினவரு. என் தம்பி இன்னிக்கும் தொங்கான் படகுல மூட்டை தூக்குறான். மாப்பிள்ளையோட அப்பன் அவன்தான். அன்னிக்குப் பந்தியில உக்காந்திருந்தானே."

தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது பூவம்மாவுக்குத் தெரியும். அவர் இடப்பக்கமாகப் படுத்து வெகுநேரம் ஆகியிருந்தது, இனியும் விட்டால் இடுப்பிலும் தோல் உரியும்.

"திருப்பிப் போடணும்" என்றாள். "நான் தோளப் பிடிக்கிறேன். நீங்க கால் பக்கம் வாங்க."

சுப்பிரமணியம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.