சேதத்துக்குக் காரணம்: வன்னியபெருமாள்

எப்போதும்வென்றானுக்குக் கிழக்கே மூன்று மைல் போனால் ஒரு சிற்றூர். அங்கே நாலு ஏக்கர் கரிசல் காட்டுக்குச் சொந்தக்காரர் வன்னியபெருமாள். அரசாங்கம் கொடுத்த எதையும் கைநீட்டி வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய அறுபத்தோரு வருட வாழ்க்கையின் சுருக்கம். ஊருக்கு இலவச மிக்சி வந்த அன்று வீட்டைப் பூட்டிவிட்டு, பெண்டாட்டி பெத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். ரேஷன் கார்டை எந்தப் பொருளும் வாங்காத கார்டாக மாற்ற ஏழு தடவை அலைந்தார். நிலத்தீர்வையை மட்டும் முதல் ஆளாகப் போய்க் கட்டுவார். கட்டிவிட்டு, "இந்தக் காசுல என்ன செய்யப் போறீங்க?" என்று கிராம நிர்வாக அதிகாரியைக் கேட்பார். அதற்கு இன்றுவரை பதில் வந்ததில்லை.

டீக்கடையில் அவர் பேச்சு இன்னும் நீளம். "ஒருத்தனுக்குச் சும்மா குடுக்கணும்னா இன்னொருத்தன் மடியில கைய விடணும். அவனவன் பாட்டை அவனவன் பாக்கணும்லே. தப்புச் செஞ்சவன்தான் அனுபவிக்கணும், அடுத்தவன் கட்டுன வரி எதுக்கு?" கேட்கிறவர்கள் கிளாஸ் காலியாகும்வரை தலையாட்டுவார்கள். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் இன்னொரு டீ குடிக்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு முந்தின வருஷம் ஆவணியில் சோதனை வந்தது. ஒரு சாயங்காலம் சடசடவென்று மழை அடித்தது. "இது ஏமாத்து மழை, புரட்டாசி பொறக்கட்டும்" என்றாள் பெத்தம்மாள். அவர் கேட்கவில்லை. மறுநாளே மக்காச்சோளம் விதைத்தார். நாலு விரல் உயரம் வளர்ந்த பயிர் அப்படியே காய்ந்து சருகானது. புரட்டாசியிலும் மழை சரியில்லாமல் போக, ஊர் மொத்தத்துக்கும் வறட்சி நிவாரணம் அறிவித்தார்கள். வன்னியபெருமாளின் போனிலும் மணி அடித்தது. அவர் கணக்கில் நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஏறியிருந்தது.

பணம் வந்ததைவிட, 'வறட்சி' என்று காரணம் போட்டிருந்ததுதான் அவரைச் சுட்டது. பிடிவாதம் பிடித்து விதைத்தது அவர். "என் தப்பைத் தூக்கி வானத்து மேல போட இவிய யாரு?" என்று குதித்தார்.

பெத்தம்மாளும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நின்றாள். அரசாங்கமே வறட்சி என்று சொல்லிவிட்டால், நாலு மாதமாக அவள் சொல்லிக் காட்டிவந்ததெல்லாம் பொய்யாகிவிடுமே. "போயி மாத்திட்டு வாங்க. உங்க தப்புன்னு தாளுல வரணும்" என்று அவளே பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுத்தாள்.

டவுன் ஆபீசில் பிரேமா என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். நல்ல பிள்ளை. முழுக்கக் கேட்டுவிட்டு, "வந்த பணத்தைத் திருப்பி வாங்க இதுல வழி இல்ல அண்ணாச்சி. காரணத்தை வேணா மாத்தலாம். மாத்துனா தொகை தானாச் சரியாயிரும்" என்றாள்.

திரையில் வறட்சி, வெள்ளம், பூச்சி, காட்டுப்பன்றி, மயில், இதர என்று இருந்தது.

"நான்தான் காரணம். என்னையப் போடு தாயி."

"அப்படி ஒண்ணு இல்லியே. இதரவுலதான் போடணும்."

இதரவை அழுத்தியதும் கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போகாது. பின்னால் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"காரணத்தோட பேரு?"

"வன்னியபெருமாள்."

"கூட்டமா வருமா, தனியா வருமான்னு கேக்குது."

"தனியாத்தான் வருவேன்."

"எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறு மணிக்கு. பத்து மணிக்குக் கஞ்சி குடிக்கப் போயிருவேன்."

"வெடி போட்டா ஓடுமா?"

யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்ச தூரம் ஓடுவேன்."

"ஆளுகளைத் தாக்குமா?"

"அதை என் வீட்டுக்காரிட்டதான் கேக்கணும்."

பிரேமா 'இல்லை' என்று அழுத்தி, தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். 'சேதத்துக்குக் காரணம்: வன்னியபெருமாள். எண்ணிக்கை: 1' என்று கறுப்பு எழுத்தில் இருந்தது. அன்றைக்கு அவர் அடைந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. பெத்தம்மாள் மூன்று தரம் படித்துவிட்டு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பணம் திரும்பிப் போகவில்லை. இதரவுக்குத் தொகை கூடுதலாம். மேற்கொண்டு மூவாயிரம் வந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆனி மாதம் ஒரு லாரி வந்து கல் தூண்களையும் கம்பிச் சுருள்களையும் காட்டோரம் இறக்கியது. ஒரு பலகையும் நட்டார்கள்: 'வன்னியபெருமாள் தடுப்புப் பணி. மதிப்பீடு ரூபாய் மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.' படித்துவிட்டு அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நாலாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்கு மூன்று லட்சம் செலவு. யார் யார் கட்டிய வரியோ.

வேலை பார்க்க வந்த இன்ஜினியரிடம் சண்டைக்குப் போனார். இன்ஜினியர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆட்சேபணை இருந்தா பயனாளி எழுதிக் குடுக்கலாங்க. சேதம் பண்ணுறவங்க எழுதிக் குடுக்க விதி இல்ல." பட்டா இரண்டு பேர் பேரிலும் கூட்டாக இருந்ததால் பயனாளி பெத்தம்மாள் என்று ஆகியிருந்தது. பெத்தம்மாளுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

வேலி முடிந்ததும் காவலுக்குத் தினக்கூலியில் முனீஸ்வரனைப் போட்டார்கள். ஊர்க்காரன், மாமா முறை சொல்லிக் கூப்பிடுகிறவன். கையில் ஒரு தகர டின்னும் கம்பும் கொடுத்திருந்தார்கள்.

"ஏலே, என் காட்டுக்குள்ள நான் போகக் கூடாதா?"

"எனக்கு என்ன மாமா, நீங்க போங்க. ஆனா தப்புச் செஞ்சவன் அனுபவிக்கணும்னு டீக்கடையில நீங்கதான சொல்லுதீங்க."

வன்னியபெருமாள் கம்பியில் கை வைத்தார். கம்பியைத் தூக்கிவிட்டு நுழைந்திருக்கலாம், யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை. ஆனால் முப்பது வருஷம் பேசிய பேச்சு குறுக்கே நின்றது. அவர் நுழையவில்லை.

ஆவணியில் வானம் கறுத்தபோது அவருக்குக் கை துறுதுறுவென்று வந்தது. பெத்தம்மாள் அசையவில்லை. புரட்டாசியில் இரண்டாவது மழை விழுந்த பிறகு டிராக்டருக்குச் சொல்லி விதைத்தாள். அவர் வேலியோரமாகவே ஓடி, "ஏட்டி, ஆழமாப் போகுது, நெருக்கமா விழுது" என்று கத்தினார். அவள் முனீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன், "மன்னிச்சிக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு டின்னைத் தட்டினான். ஆபீசில் சொல்லியிருந்தபடி அவர் கொஞ்ச தூரம் ஓடினார்.

மார்கழியில் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அவர் ஆயுசில் அந்தக் காடு அப்படி விளைந்ததில்லை. தினமும் நாலு பக்கமும் சுற்றி வந்து, ஓரத்துக் கதிர்களைக் கம்பிக்கு வெளியே நின்று தொட்டுப் பார்ப்பார். பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையிலேயே நெஞ்சு வலிக்கும்.

தையில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து படம் எடுத்தார்கள். காரணத்தைத் தடுத்ததும் மகசூல் வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஆனது என்று அறிக்கை எழுதிக்கொண்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. அவர் சொன்னதையேதான் அவர்களும் சொன்னார்கள். மூத்த அதிகாரி பெத்தம்மாளிடம் கேட்டார்: "வேலையை முடிச்சு வேலியை எடுத்திரலாமாம்மா? இல்ல, இன்னும் மூணு வருசத்துக்குப் பராமரிப்பு நிதி இருக்கு, உங்க இஷ்டம்."

வன்னியபெருமாள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள். அவள் சோளத்தைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் பிரியம் இல்லாமல் இல்லை.

"நல்ல மனுசந்தான் சார், ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றாள். "ஆனா வேலி கிடக்கட்டும்."

அன்று சாயங்காலம் வன்னியபெருமாள் கடைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி வந்து, அரசாங்கத்துக்குத் தன் வாழ்க்கையின் முதல் மனுவை எழுத உட்கார்ந்தார். 'ஐயா, முந்தின வருஷம் பயிர் காய்ந்ததற்கு நான் காரணம் அல்ல. மழை பெய்யவில்லை' என்று இரண்டு வரி எழுதினார். அடுப்படியிலிருந்து பெத்தம்மாள் வரும் சத்தம் கேட்டதும் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார்.