இதயப் படம் எடுத்து வரன் பார்த்த கதை

எங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவரே சொல்லிக்கொள்ள உரிமை கிடையாது. அப்பாவின் தர்மாமீட்டர்தான் சொல்ல வேண்டும். காலையில் காப்பிக்கு முன்பு அம்மாவும் நானும் அவர் நாற்காலிக்கு எதிரே போய் நிற்போம். நாக்குக்கு அடியில் கண்ணாடிக் குழாய், மணிக்கட்டில் அவருடைய மூன்று விரல்கள், அவர் மறுகையில் சங்கிலிக் கடிகாரம். சூட்டையும் நாடித் துடிப்பையும் ஒரு நோட்டில் எழுதிக் கீழே சின்னக் கையெழுத்தும் போடுவார். திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் மேலே ஏறியவர். காகிதத்தில் ஏறாத எதையும் அவர் நம்பியதில்லை.

பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டி வந்தது. அம்மாவின் கையில் துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்கினார். பாதரசம் அசையவில்லை. மறுபடியும் அமுக்கினார். அசையவில்லை.

"உனக்கு பிரஷரே இல்லே," என்றார்.

"இல்லேன்னா நான் எப்படியாக்கும் நின்னுண்டு பேசறேன்?" என்று அம்மா கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நோட்டில் இடம் இல்லை. அம்மாவை இரண்டு நாள் படுக்க வைத்தார். ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அம்மா எழுந்து சமையலுக்குப் போனாள். அப்பா குழாயை மாற்றினாரே தவிர, நோட்டில் எழுதியதை மாற்றவில்லை.

இப்படிப்பட்டவருக்கு மருமகன் தேடும் வேளை வந்தது. யுத்தத்துக்குச் சற்று முந்திய காலம். நான் காலேஜில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வந்த வரன் மின்சார இலாகாவில் சூப்பர்வைசர். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், தகப்பனார் இல்லை, தாயாரோடு கரமனையில் குடியிருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. வேறு வீடாக இருந்தால் பாக்கு வெற்றிலை மாற்றியிருப்பார்கள்.

"ஜாதகம் ஆகாசத்தைப் பத்திச் சொல்லும். ஹார்ட்டைப் பத்திச் சொல்லுமோ?" என்றார் அப்பா.

சீமையில் படித்துத் திரும்பிய ஒரு மலையாளி டாக்டர் அப்போது சொந்தமாக ஒரு இதயப் படக் கருவி தருவித்திருந்தார். இதயம் துடிக்கும்போது எழும் மின்சாரத்தை அது ஃபிலிமில் மூன்று வரியாகப் பிடிக்குமாம். ஊரில் பெரிய மனிதர்கள், ஒரு வியாதியும் இல்லாதவர்கள்கூட, நாடகம் பார்க்கப் போவதுபோல் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் எடுத்தாக வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். பெண் பார்க்கும் சடங்கையும் அங்கேயே முடித்துவிடலாம் என்று என்னையும் கூட்டிப் போனார். பஜ்ஜியும் சொஜ்ஜியும் மிச்சம்.

ஆகவே எனக்குப் பார்த்த மாப்பிள்ளையை நான் முதன்முதலில் கண்டது டெட்டால் வாசனை அடிக்கும் ஒரு அறையின் வாசலில் நின்றுதான். உள்ளே மேஜை அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து மூன்று வயர்கள். வழிகாட்டியாக முதலில் அப்பா உட்கார்ந்தார். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அவர் இரண்டு கையிலும் இடது காலிலும் சுற்றி, அதன்மேல் உலோகத் தகடு வைத்துக் கட்டினார்கள். பெட்டி முனகியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கோயில் சன்னிதியில்கூட நான் பார்த்திராத பக்தியோடு இருந்தார்.

அடுத்து மாப்பிள்ளை உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றாமல் கையை மட்டும் மடித்துவிட்டிருந்தார். கட்டி முடித்ததும் வயர்களைப் பெட்டி வரைக்கும் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்தார்.

"டாக்டர், ஒரு சின்ன காரியம்," என்றார். "வலதுன்னு அடையாளம் போட்ட துவாரத்துலேந்து வர வயர் என் இடக்கையிலே இருக்கு. இடது வலக்கையிலே. ரெண்டும் மாறியிருக்கு."

டாக்டர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தான் போய் போஸ்டில் கேறிக்கோ. இது என்றெ ஜோலி," என்றார். நீ போய் மின்சாரக் கம்பத்தில் ஏறு, இது என் வேலை என்று அர்த்தம். அப்பா சத்தமாகச் சிரித்தார். கம்பவுண்டரும் சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அந்தப் பெட்டியைப் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா ஒரு உறையோடு திரும்பி வந்தார்.

"தப்பிச்சோம்," என்று அம்மாவிடம் சொன்னார். "அந்தப் பிள்ளைக்கு முதல் வரியே தலைகீழா இருக்கு. ஹார்ட் ஒரேயடியாக் கெட்டுப்போச்சு. ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்றார்."

"உங்களுக்கு?"

"எனக்கு முப்பது வயசுக்காரன் ஹார்ட்டாக்கும்."

சம்பந்தம் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார். காரணத்தையும் சொல்லி அனுப்பினார். ஒரு விதவைத் தாயாரிடம், உன் ஒரே பிள்ளை ரொம்ப நாள் இருக்க மாட்டான் என்று தரகர் வாயால் சொல்லச் செய்கிறோமே என்று அவருக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை.

மறுநாள் அப்பா ஆபீஸ் போனதும் உறையைப் பிரித்தேன். இரண்டு படங்கள். நல்ல இதயம் எப்படி இருக்கும் என்று காட்ட டாக்டர் கொடுத்திருந்த அச்சுப் புத்தகமும் மேஜையில் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புத்தகத்தில் முதல் வரியின் கூர்முனைகள் மேலே பார்த்தன. மாப்பிள்ளையின் படத்தில் கீழே பார்த்தன. அப்பாவின் படத்திலும் கீழேதான் பார்த்தன. இதைக் காண சீமைப் படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும். பெரிய மனிதரின் படம் என்பதால் டாக்டர் அதைப் பார்க்காமலே பாராட்டியிருக்கிறார்.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். "வயர் மாறினதுதான். அவர் அன்னைக்கே சொன்னாரே," என்றேன்.

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். எந்திரம் தப்பு, தான் நல்லபடியாக இருக்கிறோம் என்று நினைக்க ஒரு வழி இருந்தது. எந்திரம் சரி, தான் சாகப் போகிறோம் என்று நினைக்க இன்னொரு வழி. அப்பா யோசிக்காமல் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். மெல்ல மார்பில் கை வைத்து, "கட்டிலைப் போடு," என்றார்.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் கழுத்து வேர்த்ததை நான் கண்டேன். ஆனால் வாய் வேர்க்கவில்லை. ஆரம்பம்தான், மூன்று வாரம் ஓய்வும் மருந்தும் போதும் என்றார். மூன்று வாரம் அப்பா கஞ்சி குடித்தார். தெருவில் யாராவது தேங்காய் உடைத்தால்கூட எங்களைக் கோபித்தார். அந்த நாட்களில் அந்த அறைக்குப் போய் வந்த இன்னும் எத்தனை பேர் இப்படிப் படுத்துக் கிடந்தார்களோ.

மூன்று வாரம் கழித்து மறுபடி படம் எடுத்தபோது முனைகள் எல்லாம் மேலே பார்த்தன. யாரோ சத்தமில்லாமல் வயரை மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் அதை மருந்தின் வெற்றி என்றார். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். பிறகு அவருக்கு ஒரு தயாள குணம் வந்தது. "பாவம், அந்தப் பிள்ளையும் மருந்து சாப்பிட்டிருப்பான். வரச் சொல்லு, இன்னொரு தடவை பார்ப்போம்," என்றார்.

அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வர வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டேன். வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். நான் வாசலில் காத்து நின்றேன். ஏதாவது சொல்வார், ஒரு வார்த்தையாவது குத்திக் காட்டுவார் என்று பார்த்தேன். வாயே திறக்கவில்லை. பெட்டி முனகி நின்றதும் டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார். என் மனத்தில் அவர் அப்பாவோடும் டாக்டரோடும் போய் நின்றுவிட்டார்.

படம் நன்றாக வந்தது. அப்பா நாள் பார்க்க ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன்.

"காரணம்?"

"ஒண்ணும் இல்லே."

அப்பா போய்த் தர்மாமீட்டரை எடுத்து வந்து என் வாயில் வைத்தார். சூடு சரியாக இருந்தது. நாடியும் சரி. ஆகவே இது வியாதியில்லை, திமிர் என்று முடிவாயிற்று. பி.ஏ. படிக்க அனுமதி கிடைத்தது அந்தத் திமிரால்தான். பிறகு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன்.

சில வருஷம் கழித்து, யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். கையில் ஒரு குழந்தை இருந்தது. அவர்தான் முதலில் பேசினார். தாயார் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

"நீங்கதான் வேண்டாம்னேளாமே. எதுக்குன்னு அம்மா கடைசி வரைக்கும் கேட்டுண்டிருந்தா," என்றார்.

இனி என்ன என்று உள்ளதைச் சொன்னேன். "முதல் தடவை வயரைப் பத்தித் தைரியமாச் சொன்னேள். ரெண்டாம் தடவை பேசவே இல்லே. பயந்துட்டேள்னு நெனச்சேன்."

அவருக்கு விளங்கவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டாம் தடவை வயர் ஷரியான்னா இருந்தது. உக்காரறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். ஷரியா இருக்கறச்சே என்னத்தைச் சொல்றது?"

பஸ் வந்தது. குழந்தையோடு அவர் ஏறினார். நான் போக வேண்டியதும் அதே பஸ்தான். ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.